பின்கூடத்துக்கு வரி இல்லை

அத்தியாயம் 11

"வரி ஆபீசர் வியாழக்கிழமை வர்றாங்களாம்" என்று தம்பி போனை வைத்துவிட்டுச் சொன்னபோது அக்கா படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். போன வாரம் அவளை மாடிப்படியில் அப்படியே நிற்கவிட்டுப் போய்விட்டோம். அந்த வியாழக்கிழமை இப்போது விடிந்துவிட்டது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம். கட்டடம் ஒன்று, பயன் மூன்று. முன்பக்கம் தம்பியின் மெத்தைக் கடை. மாடியில் வீடு. பின்பக்கம் ஒரு பெரிய கூடம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அக்கா அந்தக் கூடத்தில் சக்கர நாற்காலி, வாக்கர், ஊன்றுகோல், தலைமாட்டைத் தூக்கி இறக்கும் இரும்புக் கட்டில் எல்லாம் வைத்திருந்தாள். வேண்டியவர்கள் இலவசமாக எடுத்துப் போகலாம், வேலை முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கலாம். தெருவில் அவளுக்கு 'சிஸ்டர்' என்றே பெயர்.

தர்ம காரியத்துக்கான இடம் என்பதால் கூடத்துக்கு நகராட்சி சொத்து வரி போடுவதில்லை. கூடத்தைக் கழித்துவிட்டால் கடை சின்னக் கடை. சின்னக் கடைகளுக்குப் பாதி வரிதான். ஆக, அக்காவின் கூடம் தன் வரியையும் மிச்சப்படுத்தி, தம்பியின் வரியையும் பாதியாக்கிக்கொண்டிருந்தது.

போன மழைக்காலத்தில் தம்பியின் கிடங்குக்குள் தண்ணீர் புகுந்தது. "ரெண்டே வாரம்க்கா" என்று மெத்தைகளைக் கூடத்துக்குள் கொண்டுவந்து அடுக்கினான். மழை விட்டது. மெத்தைகள் போகவில்லை. கிடங்கு வாடகை மிச்சம் என்று ருசி கண்டுவிட்டான். அக்கா முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு மாடியில் படுத்திருந்தாள். அந்த ஆபரேஷனுக்கு அலைந்தவனும் அவன்தான், செலவழித்தவனும் அவன்தான். எப்படி வாய் திறப்பாள்? கூடம் எப்போதும்போல நடக்கிறது என்று நகராட்சிக்கு இந்த வருஷமும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

இனி வியாழக்கிழமை.

காலையிலிருந்து வீடெல்லாம் மெத்தை. கூடத்தில் இருந்ததை எல்லாம் மாடிக்கு ஏற்ற வேண்டும் என்பது தம்பியின் திட்டம். கடையின் டெலிவரி டிரைவர் கீழே இருந்து தள்ள, தம்பி மேலே இருந்து இழுக்க, படி வளையும் இடத்தில் பெரிய மெத்தை ஒன்று வளைய மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"அண்ணே, நான் உள்ள மாட்டிக்கிட்டேன்" என்று மெத்தைக்குப் பின்னாலிருந்து டிரைவரின் குரல் மட்டும் வந்தது.

"பேசாம தள்ளுடா. பேசற மூச்சைத் தள்ளறதுல காட்டு."

"மூச்சு விடவே இடமில்லைண்ணே!"

வேறொரு நாளாக இருந்தால் அக்கா சிரித்திருப்பாள். படுக்கையறை நிரம்பியது. அடுத்த அறை நிரம்பியது. சமையலறைக்குப் போகும் வழியில் இரண்டை நிறுத்தி வைத்தார்கள். தம்பியின் மனைவி ஒருக்களித்துக்கொண்டு அதற்குள் நுழைந்து வெளியே வந்தாள். கல்யாணத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். அதனால் வீட்டிலும் தெருவிலும் அவள் 'டீச்சர்'. கட்டிய கணவனும் அப்படித்தான் கூப்பிடுவான்.

கூடம் காலியாகக் காலியாக, சுவரோரம் மறைந்து கிடந்தவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சக்கர நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, தூசி அப்பி, கழுத்து முறிந்தவைபோலக் கிடந்தன. வாக்கர் ஒன்றின் காலுக்கு அடியில் ரப்பரே இல்லை. கடைசியாக, மூலையில் மடக்கி நிறுத்தியிருந்த இரும்புக் கட்டில்கள் இரண்டும் தெரிந்தன.

அக்கா ஈரத்துணியோடு உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தாள். முழங்கால் மடக்க முடியவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு துடைத்தாள். ஆஸ்பத்திரியில் வார்டு டியூட்டி முடிந்து கிளம்பும்போது அவள் விட்டுவிட்டுப் போகும் ஒரு கட்டிலின் கீழே கூட விரலால் தொட்டால் தூசி வராது. அந்தக் கைக்கு இப்போது வெட்கமாக இருந்தது.

"அண்ணி, ஒண்ணு சொல்லட்டுமா?" டீச்சர் பக்கத்தில் வந்து நின்றாள். "இப்படி எல்லாம் பளபளன்னு அடுக்கி வெச்சா, யாருமே வர்றதில்லைன்னு வர்ற ஆபீசரம்மாவுக்குத் தோணாதா? வந்து போற இடம் மாதிரி இருக்கணும்ல?"

"அது சரி!" தம்பி கையைத் தட்டினான். "டேய், இங்க வா. அந்த நாற்காலியில உக்காரு."

டிரைவர் உட்கார்ந்தான்.

"அக்கா, இவன் காலுக்கு ஒரு கட்டுப் போட்டு விடு."

"எதுக்குடா?"

"எதுக்கா? நாற்காலி வாங்க வந்தவன்க்கா இவன்."

அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம். நாலு நாளாகத் தூங்காதவன் முகம். "கடை வரி முழுசாப் போட்டாங்கன்னா என்னால தாக்குப்பிடிக்க முடியாதுக்கா. பக்கத்துத் தெருவுல பெரிய ஷோரூம் வந்ததுலேருந்து நான் எப்படி ஓட்டறேன்னு உனக்கே தெரியும்" என்றான், குரலைத் தாழ்த்தி.

அவளுக்குத் தெரியும். தெரிந்ததுதான் தொல்லை.

பெட்டியிலிருந்து துணிச்சுருளை எடுத்தாள். டிரைவரின் இடது காலைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு, கணுக்காலிலிருந்து ஆரம்பித்து, ஒரு சுற்றின்மேல் அடுத்த சுற்று பாதி ஏறும்படி இறுக்கமும் தளர்வும் இல்லாமல் சுற்றிக்கொண்டே போனாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. முடித்து ஒட்டுப் போட்டபோது அத்தனை அழகான கட்டாக இருந்தது.

"சிஸ்டர், நிஜமாவே வலிக்கிற மாதிரி இருக்கு" என்றான் டிரைவர்.

அக்கா எழுந்து போய்க் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு, ஆஸ்பத்திரியில் கழுவுவதுபோல முழங்கை வரைக்கும் கழுவினாள். வாழ்நாளில் நல்ல காலுக்கு அவள் கட்டுப் போட்டதில்லை.

வந்த அதிகாரியைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. நடுவயதுப் பெண்மணி. தோளில் கனமான பை, காலில் தேய்ந்த செருப்பு. வெயிலில் நடந்து வந்த களைப்போடு, "தண்ணி கிடைக்குமா?" என்றுதான் முதலில் கேட்டார். குடித்துவிட்டு, அளக்கும் நாடாவை எடுத்து ஒரு முனையைத் தம்பியிடம் கொடுத்தார். கடையை அளந்தார்கள். கூடத்தை அளந்தார்கள். தம்பி நாடாவைப் பிடித்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் பணிவு வழிந்தது.

"எல்லாம் நல்லா வெச்சிருக்கீங்க" என்றார் அதிகாரி, ஒரு நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்து. "நிறைய இடத்துல பலகை மட்டும்தான் தொங்குது. உள்ள போய்ப் பார்த்தா சாமான் குடோனா இருக்கும்."

தம்பி பலமாகச் சிரித்தான். தேவைக்கு மேல் ஒரு நொடி சிரித்துவிட்டான்.

அதிகாரி டிரைவர் பக்கம் திரும்பினார். "என்னப்பா ஆச்சு கால்ல?"

"பைக்ல விழுந்துட்டேன் மேடம்" என்றான் டிரைவர்.

"படியில வழுக்கிட்டான் மேடம்" என்றான் தம்பி, அதே மூச்சில்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"பைக்கை விட்டு இறங்கி... படியில கால் வெச்சேனா, அங்க வழுக்கிடுச்சு மேடம்" என்று டிரைவர் சமாளித்தான். அதிகாரி தலையை ஆட்டினார். அவருக்கு அன்று இன்னும் பல இடங்களுக்குப் போக வேண்டியிருந்தது. பார்க்கிற எல்லாவற்றையும் சந்தேகப்படும் தெம்பு யாருக்கு இருக்கிறது?

"கடைசியா எப்ப ஒரு பொருள் வெளிய போச்சு சிஸ்டர்?"

கேள்வி அக்காவுக்கு. தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன வாரம்" என்றாள்.

சொல்லி முடித்த பிறகு, அந்த இரண்டு வார்த்தையும் தன் குரலில்தான் வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அத்தனை சாதாரணமாக வந்துவிட்டன.

அப்போதுதான் கூடத்தின் பின்வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். ஐம்பதைத் தாண்டியவர். சட்டையெல்லாம் பல நிறத்தில் பெயின்ட் தெறிப்பு. நகக்கண்ணில் நீலம் காய்ந்திருந்தது. வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"சிஸ்டர் இருக்காங்களா?"

"நான்தான். என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம் சிஸ்டர். குடுக்கலாம்னு வந்தேன்." தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். "ஒரு கட்டில் இருக்கு. இந்த மாதிரியேதான். தலைமாடு தூக்கறது. பழைய இரும்புக் கடையில வாங்கினேன். இப்ப நல்லா தேய்ச்சு, புதுசா நீலக் கலர் அடிச்சிருக்கேன். சுத்தற கைப்பிடியில மட்டும் பெயின்ட் படாம பார்த்துக்கிட்டேன், இறுகிடும்ல? டெம்போவுல இருக்கு. சந்துக்குள்ள வண்டி வருமான்னு தெரியாம முனையில நிறுத்தியிருக்கேன்."

"யாருக்காக வாங்கினது?" என்று அதிகாரி கேட்டார்.

"என் வீட்டுக்காரிக்கு மேடம். மழைக்காலத்துல ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துடுச்சு. அப்பவே இங்க போன் பண்ணிக் கேட்டேன். கட்டில் எல்லாம் வெளிய போயிருக்குன்னு சொன்னாங்க."

அக்காவின் கண் மூலையில் நின்ற இரண்டு கட்டில்களுக்கும் போனது.

"போன்ல பேசின அம்மா ரொம்பத் தன்மையா பேசினாங்க" என்று அவர் தொடர்ந்தார். "ஒண்ணு திரும்பி வந்ததும் முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவோம்னு சொல்லி நம்பர் கூட வாங்கிக்கிட்டாங்க. நம்மளை மாதிரி எத்தனை பேருக்குக் கஷ்டம், அவங்க என்ன பண்ணுவாங்க பாவம்னு நினைச்சுக்கிட்டேன்."

டீ எடுத்துக்கொண்டு வந்த டீச்சர் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

'யாராவது கேட்டா எல்லாம் வெளிய போயிருக்குன்னு சொல்லிடும்மா. கொஞ்ச நாள்தானே.' கட்டிலில் சாய்ந்துகொண்டு, காலுக்கடியில் தலையணை வைத்துக்கொண்டு, அக்கா அவளுக்குச் சொல்லிக் கொடுத்த வசனம் அது. டீச்சர் அதைத் தன் நல்ல குணத்தால் இன்னும் இரண்டு வரி நீட்டியிருக்கிறாள். அவ்வளவுதான்.

"அப்புறம் எப்படிச் சமாளிச்சீங்க?" அக்காவுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தரையிலதான் சிஸ்டர். பாய் போட்டு, அதுமேல போர்வை போட்டு. நான் வேலைக்குப் போகாம கூடவே இருந்தேன். குனிஞ்சு தூக்கித் தூக்கி எனக்கும் முதுகு பிடிச்சுக்கிச்சு. ரெண்டு நாள் ஒழுங்காத் திருப்பிப் படுக்க வைக்க முடியல."

"புண்ணு வந்துச்சா?"

"வந்துச்சு."

"இடுப்புலயா?"

அவர் ஆச்சரியத்தோடு அக்காவைப் பார்த்தார். "ஆமா சிஸ்டர். இடுப்புலதான் ஆரம்பிச்சுது. எப்படிச் சரியாச் சொல்றீங்க!"

எத்தனை நோயாளிகளின் இடுப்பைத் தடவிப் பார்த்து, தோல் சிவக்கும்போதே கண்டுபிடித்து, புண் வராமல் காப்பாற்றியிருக்கிறாள். புது நர்ஸுகளுக்கு அவள்தான் அதைச் சொல்லிக் கொடுப்பாள்.

"கட்டில் வாங்கறதுக்குள்ள புண்ணு உள்ள போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னார். ஒரு மாசம் போல அந்தக் கட்டில்ல படுத்திருந்தா. அப்புறம் போயிட்டா." அவர் குரலில் அழுகை இல்லை. பலமுறை சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட குரல். "கட்டிலை வீட்டுல வெச்சுப் பார்க்க முடியல. விக்கவும் மனசு வரல. இங்க இருந்தா, அடுத்து போன் பண்றவங்களுக்காவது இல்லைன்னு சொல்ல வேண்டி வராதுல்ல சிஸ்டர்?"

அவர் டிரைவரைப் பார்த்தார். "தம்பி, காலை அப்படித் தொங்கப் போடாதீங்க. வீங்கிடும்" என்று, ஒரு ஸ்டூலை இழுத்து அவன் குதிகாலுக்கு அடியில் பதமாக வைத்தார். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான்.

"இருங்க, டெம்போவைச் சந்துக்குள்ள வரச் சொல்றேன்" என்று கிளம்பிப் போனார்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த வேலையில எரிச்சல்தான் ஜாஸ்தி சிஸ்டர். எப்பவாவது இப்படி ஒரு இடத்தைப் பார்த்தாத்தான் சலுகைன்னு ஒண்ணு எதுக்கு இருக்குன்னு புரியுது. தொடரலாம்னு எழுதிடறேன். கடைக்கும் சேர்த்துத்தான்."

தம்பியின் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. "ரொம்ப நன்றி மேடம்! டீச்சர், டீயைக் குடு மேடத்துக்கு!"

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. தப்பித்துவிட்டார்கள். அந்த மனிதர் தானாகவே வந்து, கூடம் நடக்கிறது என்று அவர்களுக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். செத்துப்போன மனைவியைச் சாட்சிக்குக் கூட்டிவந்ததுபோல.

அதிகாரி பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"மேடம்" என்றாள் அக்கா. "போன வாரம் எதுவும் வெளிய போகல."

தம்பி சட்டென்று திரும்பினான்.

"மழைக்காலத்துலேருந்து எதுவுமே வெளிய போகல. இந்தக் கூடம் கிடங்காத்தான் இருந்துச்சு."

"அக்காவுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்சம் மறதி மேடம்" என்றான் தம்பி. சிரித்துக்கொண்டே சொன்னான். ஆனால் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. "மருந்து அப்படி. தேதியெல்லாம் மாத்தி மாத்திச் சொல்லுவா."

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. அவன் சின்ன வயதில் பொய் சொல்லும்போதும் இப்படித்தான் காதைச் சொறிந்துகொள்வான். இப்போதும் சொறிந்தான். பாவமாக இருந்தது.

"மறதி இல்ல மேடம். மாடிக்கு வாங்க, காட்டறேன்."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலிக்க வலிக்க ஏறினாள். அதிகாரி பின்னால் வந்தார். கதவைத் திறந்ததும் இரண்டு பேருக்கும் உள்ளே போக வழியில்லை. தரையிலிருந்து ஜன்னல் வரைக்கும் மெத்தை. பாலிதீன் உறையோடு, விலைச்சீட்டோடு, கட்டில்மேல், அலமாரிமேல், சோபாமேல். கதவு திறந்த அசைவில் ஒன்று மெல்லச் சாய்ந்து, யோசித்து, பொத்தென்று அதிகாரியின் காலடியில் விழுந்தது.

அதிகாரி குனிந்து அதன் விலைச்சீட்டைப் படித்தார்.

"கீழ அந்தப் பையன் காலு?"

"நல்ல காலு மேடம். நான்தான் கட்டுப் போட்டேன்."

"நீங்க சொன்னதை எழுதிட்டா அப்புறம் என்னால அழிக்க முடியாது சிஸ்டர்."

"எழுதுங்க."

அதிகாரி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். கோபப்பட்டிருந்தால் கூட அக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சோர்ந்துதான் போயிருந்தார். "கிடங்குல தண்ணி வந்துடுச்சு, கொஞ்ச நாளைக்கு இங்க வெச்சுக்கறோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, அந்த மாசங்களுக்கு மட்டும் வரி கேட்டிருப்போம். மழையில பாதிச்ச கடைன்னு அதுலயும் குறைச்சிருப்போம். அதுக்கும் ஒரு சலுகை இருக்கு. தெரியாதா?"

"நாங்க கேட்டுப் பார்க்கல மேடம்."

"இப்ப அப்படி முடிக்க முடியாது. கூடத்துச் சலுகை, கடைச் சலுகை ரெண்டையும் நிறுத்தி வெச்சுட்டு விசாரிப்பாங்க. நீங்களாச் சொன்னீங்கங்கறதையும் எழுதறேன். அதுக்கு என்ன மதிப்புன்னு நான் சொல்ல முடியாது."

அதிகாரி இறங்கிப் போய்விட்டார். தொடாத டீ ஆறிப்போயிருந்தது.

கூடத்தில் தம்பி ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தெரிந்து உட்கார்ந்தானோ, கால் தளர்ந்து உட்கார்ந்தானோ.

"இப்ப உனக்குத் திருப்தியாக்கா?"

அவள் ஆறிப்போன டீக் கோப்பைகளை ஒதுக்கி வைத்தாள்.

"அந்தம்மா எழுதி முடிச்சுட்டுக் கிளம்பிட்டாங்க. வாசல் வரைக்கும் போயிட்டாங்க. நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா நாளைக்கே மெத்தையெல்லாம் வேற இடத்துக்கு மாத்தியிருப்பேன். சத்தியமா மாத்தியிருப்பேன். நீ மறுபடி தர்மம் பண்ணிட்டு இருந்திருக்கலாம். இப்ப உன் கூடமும் போச்சு, என் கடையும் போச்சு. உன்னை ஆஸ்பத்திரியில கிடத்திட்டு வெளிய ராத்திரி பகலா உக்காந்திருந்தவன் நான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா செய்ய விட்டிருக்க மாட்டே."

"விட்டிருக்க மாட்டேன்தான்!" என்று கத்தினான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைப்பக்கம் போய்விட்டான். கதவை அறையவில்லை. மெல்லச் சாத்தினான். அக்காவுக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

"சிஸ்டர்..." டிரைவர் இன்னும் அதே நாற்காலியில் காலை ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டிருந்தான். "கட்டை அவுத்துடவா?"

"அவுத்துடுப்பா."

பின்வாசலில் டெம்போ வந்து நின்ற சத்தம் கேட்டது. நீலக் கட்டில் வெயிலில் மின்னியது. பெயின்டர் பின்கதவைத் திறந்து, கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்.

அதிகாரியிடம் சொன்னது ஒரு வேகத்தில் வந்துவிட்டது. இது அப்படி வராது என்று அக்காவுக்குத் தெரிந்தது. அதிகாரியிடம் சொன்னதற்கு வரி, அபராதம் என்று ஏதோ ஒன்று போட்டுத் தீர்த்துவிடலாம். இவரிடம் சொல்வதற்கு?

இவருக்குத் தெரியாமலே போனால் என்ன? அந்த நினைப்பும் வந்தது, மறைப்பானேன். கட்டிலை வாங்கிக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டால் அவர் நிம்மதியாகப் போவார். உண்மையைச் சொன்னால் யாருக்கு லாபம்? அவருடைய மனைவி எழுந்து வரப்போகிறாளா?

அப்படி நினைத்துக்கொண்டே அவரிடம் போனவள், "கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள்.

"ஏன் சிஸ்டர், உள்ள இடமில்லையா?"

"இடம் இருக்கு." அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட வேண்டும் என்று நிமிர்ந்தாள். "நீங்க போன் பண்ணின அன்னிக்குக் கட்டில் இருந்துச்சு."

அவருக்குப் புரியவில்லை. "எங்க இருந்துச்சு?"

"இங்கதான். இதே கூடத்துல. அந்த மூலையில நிக்குதே, அதுதான். முன்னாடி மெத்தை அடுக்கியிருந்தோம். எடுத்துக் குடுக்கறது சிரமம்னு, யார் கேட்டாலும் இல்லைன்னு சொல்லச் சொல்லியிருந்தேன். நான்தான் சொல்லச் சொன்னேன்."

அவர் அவளைத் தாண்டிக் கூடத்துக்குள் பார்த்தார். மூலையில் இரண்டு கட்டில்கள் துடைத்து வைத்தபடி நின்றன. அவர் கை கயிற்றின் முடிச்சிலேயே இருந்தது.

"ரெண்டு இருந்துச்சா?"

"ரெண்டும் இருந்துச்சு."

டெம்போக்காரன் ஹாரனை ஒரு தட்டுத் தட்டினான். பெயின்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்த அம்மா வருத்தப்பட்டாங்களே" என்றார் கடைசியில், குழந்தைபோல. "நம்பர் வாங்கிக்கிட்டாங்களே. நான் ராத்திரியெல்லாம் போனைப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டுக் கிடந்தேன். அவகிட்ட சொல்லுவேன், இப்பக் கூப்பிடுவாங்க பாரு, இப்பக் கூப்பிடுவாங்க பாருன்னு."

அக்கா வாயைத் திறந்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அதை அவர் எதிரில் வைப்பதே இன்னொரு அநியாயம்போல இருந்தது. மூடிக்கொண்டாள்.

"யார் அவங்க? போன்ல பேசினவங்க?"

"சொல்லச் சொன்னது நான்தான்."

"அதை நான் கேக்கல சிஸ்டர்."

அவள் டீச்சரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார். பிறகு அவிழ்த்த கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டினார். ஏனோ கட்டி முடித்தபின் மறுபடியும் அவிழ்த்தார். கட்டிலைத் தனியாகவே இழுத்து இறக்கிச் சந்தில் சுவரோரமாக நிறுத்தினார். அக்கா கை கொடுக்கப் போனபோது, "வேணாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். டெம்போவை அனுப்பிவிட்டுச் சந்து வழியாக நடந்து போனார். முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அக்கா நீலக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். உள்ளே இழுத்து வைக்கும் தைரியம் வரவில்லை. தெருவில் விட்டுவிடவும் மனம் வரவில்லை.

பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. கதவுக்குப் பின்னால் டீச்சர் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"நம்பரை நான் எங்கயும் எழுதிக்கவே இல்ல அண்ணி" என்றாள். "அவர் சொல்லச் சொல்ல ம்ம், ம்ம்னு கேட்டுட்டு வெச்சுட்டேன். இல்லைன்னு மட்டும் சொல்லியிருந்தா அவர் வேற எங்கயாவது கேட்டிருப்பார். இரும்புக் கடைக்கு அன்னிக்கே போயிருப்பார். நான் கூப்பிடறேன்னு சொன்னதாலதான் காத்துட்டு இருந்திருக்கார்."

"உன்னைச் சொல்ல வெச்சது நான்ம்மா."

"இல்லைன்னு சொல்லத்தான் சொன்னீங்க. கூப்பிடுவோம்னு சொன்னது நானா சொன்னது."

அக்கா அவள் கையைப் பிடிக்கப் போனாள். டீச்சர் விடுவித்துக்கொண்டாள். முகத்தைத் துடைத்தாள். செருப்பைத் தேடினாள். தன்னுடையது கிடைக்காமல், கணவனின் பெரிய செருப்பைக் காலில் நுழைத்துக்கொண்டு சந்தில் இறங்கிவிட்டாள்.

"டீச்சர்! எங்க போறே? இப்ப வேணாம்மா. அவரைக் கொஞ்சம் விடு!"

அவள் திரும்பவில்லை. அளவில்லாத செருப்பு தடதடவென்று அடிக்க, முதலில் வேகமாக நடந்தாள். பிறகு ஓடினாள். சந்தின் முனையில் பெயின்டர் நின்று திரும்பிப் பார்த்தது தெரிந்தது. டீச்சர் அவர் எதிரில் போய் நின்றாள். என்ன பேசினாள் என்று இவ்வளவு தூரத்தில் கேட்கவில்லை. ஆனால் அவள் வாய் அசைந்து முடித்ததும், அந்த மனிதர் நடைபாதை விளிம்பில் மெல்ல உட்கார்ந்தது தெரிந்தது. டீச்சரும் எதிரில், தெருவிலேயே உட்கார்ந்தாள்.

"அக்கா!" கடைக்குள்ளிருந்து தம்பியின் குரல் வந்தது. "டீச்சர் எங்க? நகராட்சி ஆபீஸ்லேருந்து போன். கட்டடத்துக்குச் சொந்தக்காரங்கன்னு நாம ரெண்டு பேரும் நாளைக்குக் காலையில வரணுமாம்."

அக்கா சந்தின் முனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.